ஆப்பும் ரம்பமும்

நண்பர் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு கார்டு எழுதியிருந்தார். இன்னும் கார்டில் எழுதுகிற சிலரில் அவர் ஒருவர். கவிதைகளைவிடக் கார்டுகளில்தான் அவருடைய சிக்கனம் கூடுதலாகத் தெரியும். ‘ரிட்டயராகிவிட்டேன். மரவேலை பழகலாமென்று உத்தேசம். கையில் பிடித்து அறுக்கிற கரண்ட் ரம்பம் எது வாங்கலாம்? நீங்கள் ஆசாரி வீட்டுப் பிள்ளை, தெரிந்திருக்கும்.’ நம் வட்டாரத்தில் ரம்பம் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. கூட்டத்தில் நாற்பது பக்கக் கட்டுரையோடு எழுந்து நிற்பவரைக் கண்டால் ‘ரம்பம் வந்தாச்சு’ என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கும். ‘உங்களிடம் ஏற்கனவே இருப்பது போதாதா?’ என்று பதில் எழுதிவிடலாமென்றுதான் முதலில் நினைத்தேன். எழுதவில்லை. அவர் கேட்டது நிஜமான கேள்வி. அதற்கு என்னிடம் நிஜமான பதிலும் இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்ட விதம் கார்டில் அடங்காது.

ஆசாரி வீட்டுப் பிள்ளை என்பது சரி. ஆசாரி இல்லை. மங்கலம்பேட்டையில் அப்பா கதவு, ஜன்னல், கட்டில், ஒரு காலத்தில் வண்டிச் சக்கரம் எல்லாம் செய்தவர். என்னைப் பட்டறைக்குள் அதிகம் விட்டதில்லை. ‘ரம்பத்தப் புடிச்சா தோளு போவும், பேனாவப் புடிச்சா ஒண்ணும் போவாது’ என்பார். அவர் சொன்னபடியே ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவானேன். பேனாவைப் பிடித்ததில் என்ன போயிற்று என்பது வேறு கணக்கு. என் முப்பதாவது வயதில், இதைப் போன்ற ஒரு பத்திரிகையில், கையும் யந்திரமும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். யந்திரம் பொருளிலிருந்து மனிதக் கையின் ரேகையை அழித்துவிடுகிறது என்பது அதன் சாரம். சிலர் பாராட்டி எழுதினார்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், அப்பா தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில் எழுதிய கட்டுரை அது. அவருக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டுக்கொள்ளவுமில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் எங்கள் தாலுக்காவின் முந்திரிக் காடுகளும் ஒரு காலைப் பொழுதுக்குள் படுத்துவிட்டதை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்த பலாவும் விழுந்தது. தாத்தா வைத்த மரம். வெயிலைத் தேடிக் கிழக்கே கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்தது. விழும்போதும் அந்தப் பக்கமே விழுந்து கிணற்றுச் சுவரை உடைத்துக்கொண்டு கிடந்தது. நான்காம் நாள் ஒரு வியாபாரி வந்து விறகு விலைக்குக் கேட்டார். அப்பா அவரிடம் பேசவேயில்லை. மரத்தின் அடியில் கோடாலியால் ஒரு சிறாவைப் பெயர்த்து என்னிடம் காட்டினார். உள்ளே மஞ்சளாக வைரம் பாய்ந்திருந்தது. ‘இத எரிக்கறதா?’ என்றார்.

பலா மரத்தைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடி வருகிறார்கள். தூளை நீரில் காய்ச்சினால் மஞ்சள் சாயம் இறங்கும். பௌத்த பிக்குகளின் காவியை முன்பு இதில்தான் தோய்த்தார்கள். அறுத்தவுடன் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் பலகை வெளிச்சம் பட்டுப்பட்டு வருஷங்களில் செம்பழுப்பாகிவிடும். கறையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. இந்தக் கடைசிக் குணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முப்பது வருஷமாகச் சேர்த்த சிறுபத்திரிகைகளை மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதில் பாதியைக் கறையான் படித்து முடித்திருந்தது. பலாவில் ஒரு புத்தக அலமாரி செய்வதென்று முடிவாயிற்று. அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மற்றதில் எடுக்க வேண்டும். வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது. ‘நான் சொல்றன், நீ செய்’ என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த முதல் தொழிற்பாடம் அது.

விருத்தாசலத்தில் மரம் அறுக்கும் மில்களில் அந்த மாதங்களில் விழுந்த மரங்கள் வரிசையில் கிடந்தன. எங்கள் முறை வர மூன்று மாதமாயிற்று. ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து வந்து, நடுநடுவே குறுக்குச் சட்டம் கொடுத்துத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆனால் எனக்குப் பொறுமையில்லை. மரம் காய்வதற்கு முன்பே ரம்பம் வாங்கப் புறப்பட்டுவிட்டேன்.

கடையில் முதலில் காட்டியது மார்பிள் கட்டர். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான தச்சர்களின் கையில் இருக்கும் வட்ட ரம்பம் உண்மையில் இதுதான். சலவைக்கல் வெட்டச் செய்த சின்ன யந்திரம். நான்கு அங்குலக் கல் பிளேடைக் கழற்றிவிட்டு மரப் பிளேடை மாட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவு. ஒரு கையில் பிடிக்கலாம். முக்கால் அங்குலப் பிளைவுட்டுக்கு ஆழம் தாராளம். இன்றைய வேலையில் பெரும்பகுதி பிளைவுட்தான் என்பதால் அவர்களுடைய தேர்வில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கல் வெட்டும் வேகம் அதற்கு: நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல். கல் பிளேடுக்குப் பற்கள் கிடையாது, எனவே கீழ்ப்பாதியை மூடும் உறையும் அதில் கிடையாது. பல்லுள்ள பிளேடை மாட்டியதும் அது வேறு ஜந்துவாகிவிடுகிறது. என் அத்தை மகன் ஒருவன் திருப்பூரில் ஒரு வீட்டு வேலையில் இடது கையின் இரண்டு விரல்களை அதற்குக் கொடுத்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மீதமிருந்த மூன்று விரல்களோடு அதே கட்டரைத்தான் எடுத்தான். அவனிடம் யந்திரத் தத்துவம் பேச எனக்கு வாய் வரவில்லை.

கட்டர் எங்களுக்கு உதவாது. ஒன்றரை அங்குலப் பலகையில் அதன் பிளேடு அடியைத் தொடாது. ஏழு அங்குல ரம்பம் தேவைப்பட்டது. நிமிர்த்திப் பிடித்தால் இரண்டரை அங்குலம் வரை இறங்கும், நாற்பத்தைந்து பாகையில் சாய்த்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. கடையில் மூன்று இருந்தன. நான் பெட்டிமேல் அச்சிட்டிருந்த வாட்ஸ் எண்ணைப் பார்த்தேன். எது பெரிய எண்ணோ அதை வாங்கினேன். புத்தகத்தைக் கனத்தை வைத்து வாங்குகிறவனைப் பற்றி நாம் என்ன நினைப்போமோ, அதையே கடைக்காரரும் நினைத்திருக்கலாம்.

அப்பா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தடவிப் பார்த்தார். அடித்தகட்டின்மேல் மூலைமட்டத்தை வைத்துப் பிளேடு நேர்க்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். கீழ் உறையை விரலால் தள்ளிவிட்டு, அது ஸ்பிரிங்கில் திரும்பி வந்து மூடுவதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். யந்திரத்தைப் பற்றி அவர் வருத்தமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் பழைய கட்டுரையின் அந்தரங்க வாசகர் அவர் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. அவர் சொன்னது: ‘முப்பது வருசத்துக்கு முன்னாடி இது வந்திருந்தா இந்தத் தோளு மிஞ்சியிருக்கும்டா.’

அந்த ஒரு வாக்கியத்தில் என் கட்டுரை முடிந்துபோயிற்று. ஆறடிப் பலகையை நீளவாக்கில் கையால் கிழிப்பது என்றால் என்ன என்பதை நான் வெளியிலிருந்து பார்த்தவன். கையின் ரேகை என்று எழுதிய எனக்கு, அந்த ரேகை பொருளின்மேல் விழுவதற்கு முன் தோளின்மேல் விழுகிறது என்பது தெரியாமலில்லை. தெரிந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கைவினையின் மேன்மையை உபாசிப்பவர்களில் பெரும்பாலோர் கையால் மரம் கிழித்தவர்களில்லை. கிழித்தவர்கள் கரண்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜமாகவே காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே மின்சாரம் இருந்த நிலை பலருக்கு ஞாபகமிருக்கும். எங்கள் ஊரில் நாளின் பாதிக்கு மேல் இருக்காது. வந்தாலும் மாலையில் வோல்டேஜ் படுத்துவிடும். அந்த நேரத்தில் மரத்தில் ஓட்டினால் மோட்டார் திணறிச் சூடேறி எரிந்துபோகும். யந்திரம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மரம் காய்வதற்கும் மின்சாரம் தேறுவதற்கும் சேர்த்தே காத்திருந்தோம்.

அந்த நாட்களில் இந்த ரம்பத்தின் பூர்வோத்தரத்தை ஒரு புத்தகத்தில் படித்தேன். கையில் பிடிக்கும் மின்சார வட்ட ரம்பத்தை 1920களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் எட்மண்ட் மிஷெல் என்பவர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில், கூலியாட்கள் கனத்த கத்தியால் கரும்பு வெட்டும் பாட்டைப் பார்த்து, அந்தக் கத்தியின் முனையில் ஒரு சிறு சக்கர ரம்பத்தைப் பொருத்தி மோட்டாரால் ஓட்டினார். ஜோசப் சல்லிவன் என்பவர் கூட்டாளியாகச் சேர, 1924இல் கம்பெனி தொடங்கினார்கள். ரம்பம் கரும்பை விட்டு மரத்துக்குப் போயிற்று. ‘ஸ்கில்ஸா’ என்ற பெயர் அமெரிக்காவில் வட்ட ரம்பத்துக்கே பெயராகிவிட்டது. இதைப் படித்தபோது நெல்லிக்குப்பம் ஞாபகம் வந்தது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அதற்குப் போகும் கரும்பு வண்டிகள் எங்கள் ஜில்லா ரோடுகளில் சாதாரணக் காட்சி. கரும்பு வெட்டுகிறவனின் முதுகைப் பார்த்துப் பிறந்த யந்திரம் மரத்துக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் கரும்பு வயல்களில் இன்றும் குனிந்துதான் வெட்டுகிறார்கள்.

2014 பொங்கலுக்கு மறுவாரம் பலகைகளைப் பிரித்தோம். நீளவாக்கில் கிழித்து, ஓரத்துக் கோணலை நீக்கி, பத்து அங்குல அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் இரண்டு நாள் துண்டுப் பலகைகளில் பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு தொந்தரவு: ஓரத்தில் வெட்டத் தொடங்கும்போது கீழ் உறை மரத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. ஊரில் தச்சு வேலை செய்யும் பையன் ஒருவன் சொன்ன உபாயப்படி உறையை மேலே தள்ளி ஒரு கட்டுக் கம்பியால் கட்டிவிட்டேன். அப்பாவின் நல்ல கண் அதைக் கவனித்திருக்கும். அன்று அவர் என் இடதுபுறம், வெளிச்சத்துக்கு எதிராக உட்கார்ந்திருந்தார்.

கோட்டின் பாதியைத் தாண்டும் வரை ஒரு குறையுமில்லை. யந்திரத்தின் சத்தத்தில் ஒரு மாறுதல் கேட்டது, குரல் தடித்தது. அழுத்தித் தள்ளினேன். அடுத்த கணம் ரம்பம் பலகையை விட்டு எழும்பி என்னை நோக்கி வந்தது. ‘வந்தது’ என்பது பின்னால் யோசித்துப் போட்ட சொல். அப்போது எதையும் பார்க்கவில்லை. கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்னோக்கி ஓடி, பலகையின்மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கோணலாக உழுது, பட்டறைப் பலகையின் விளிம்பைக் கடித்து, என் வேட்டியின் கரையைச் சுருட்டி இழுத்தபடி நின்றது. விசையை விட்டுவிட்ட பிறகும் உறையில்லாத பிளேடு சில விநாடி சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தொடையில் ஒரு கீறல், அவ்வளவே. கிழிந்த வேட்டியை அம்மா பார்க்காமல் மறைத்தேன். நான் வழக்கத்துக்கு மாறாக யந்திரத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தேன். அதுவும் புத்தியினாலில்லை. அப்பாவின் நிழல் கோட்டின்மேல் விழுந்ததால் நகர்ந்து நின்றிருந்தேன்.

கணக்குப் போடும் பழக்கம் ஆபீசில் வந்தது. ஏழேகால் அங்குலம், அதாவது 185 மில்லிமீட்டர் பிளேடு நிமிஷத்துக்கு ஐயாயிரம் தடவை சுற்றினால், பல்லின் வேகம் விநாடிக்கு 48 மீட்டர். மணிக்கு 174 கிலோமீட்டர். எங்கள் மரத்தைச் சாய்த்த ‘தானே’யின் காற்று எட்டிய வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். இருபத்துநாலு பல் பிளேடானால் ஒரு விநாடியில் இரண்டாயிரம் பற்கள் ஒரு புள்ளியைக் கடக்கின்றன. ஆபத்தென்று மூளை அறிந்து கை விலகக் கால் விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஐந்நூறு பற்கள். அந்த யந்திரத்தோடு ‘கவனமாக இருப்பேன்’ என்பது அர்த்தமற்ற பேச்சு. கவனத்துக்கு அங்கே இடமேயில்லை. அதன் இடம் விசையை அழுத்துவதற்கு முன்னால்.

ஏன் எகிறியது என்பதை அப்பா பலகையைப் பார்த்தே சொன்னார். வெட்டிய வாய் மூடியிருந்தது. இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. ‘சாஞ்சு வளந்த மரம்டா அது. உள்ளார இழுப்பு இருக்கும். அறுத்தா வாய மூடும். ஆப்பு வச்சிக்கிட்டே போவணும்.’ விஷயம் இவ்வளவுதான். சாய்ந்து வளரும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்து நாரை இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கம் பலகையான பிறகும், இரண்டு வருஷம் காய்ந்த பிறகும் போவதில்லை. ரம்பம் நாரை விடுவிக்கும் இடத்தில் அது வளைந்து வாயை அடைக்கிறது. கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் முன்பற்கள் கீழிருந்து மேலாக அறுக்கின்றன. பின்பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. வாய் மூடிப் பின்பற்களைக் கவ்வினால், கீழே இறங்க முடியாத பற்கள் யந்திரத்தையே மேலே தூக்கிப் பிடித்திருப்பவன்மேல் எறியும்.

கையால் அறுத்த காலத்தில் அப்பா ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தி, வெட்டு வாயில் ஒரு சிறு ஆப்பைச் செருகிவிட்டுத் தொடர்வதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அது இளைப்பாறுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்திருந்தேன். கை ரம்பத்தை மரம் கவ்வினால் ரம்பம் நின்றுபோகும், ஆள் திட்டுவான். யந்திர ரம்பத்தைக் கவ்வினால் ஆள் நின்றுபோவான். இதைத் தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதி பிளந்த மரத்தில் தச்சன் வைத்துவிட்டுப் போன ஆப்பை அசைத்த குரங்கின் கதையைப் பஞ்சதந்திரத்தில் படித்துத்தானே வளர்ந்தோம். ஆப்பசைத்த குரங்கு என்று மற்றவர்களைச் சொல்லிச் சிரிப்பதற்கே அந்தக் கதையைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். அது மர அறுப்பு விபத்தின் மிகப் பழைய அறிக்கை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு கடைக்குப் போய் மற்ற யந்திரங்களைப் பார்த்தேன். அன்று நான் வாட்ஸ் குறைவென்று ஒதுக்கிய ஒன்றில், பிளேடுக்குப் பின்னால், அதன் கனத்துக்கு மிக நெருங்கிய கனத்தில், வளைந்த எஃகுத் தகடு ஒன்று நின்றது. வெட்டு வாய்க்குள் பிளேடைத் தொடர்ந்து போய் வாய் மூடாமல் பிடித்துக்கொள்கிற தகடு. அப்பாவின் ஆப்பு. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஒருவன், தன் அப்பன் ஆப்பு வைப்பதைப் பார்த்திருந்தவன், அதை எஃகில் செய்து யந்திரத்தோடு சேர்த்திருக்கிறான். யந்திரம் கையின் ரேகையை அழிக்கிறது என்று எழுதினேனே, இதோ கையின் ரேகை. அதைப் பார்த்தும் வேண்டாமென்று ஒதுக்கியவன் நான்தான். எதை யந்திரத்தில் பார்க்க வேண்டுமென்பது, கையால் செய்தவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு, யந்திரத்தைத் திட்டுகிறவர்களுக்கும் தெரிவதில்லை, துதிக்கிறவர்களுக்கும் தெரிவதில்லை.

அதியமானைப் பற்றிய ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் ஒரு தச்சன் வருகிறான். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடியவன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்கிறான். அந்தச் சக்கரம் போன்றவன் எங்கள் தலைவன் என்கிறது பாட்டு. நிதானத்தின் மேன்மைக்கு உதாரணமாக இதை முன்பெல்லாம் காட்டுவேன். இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டையும் செய்கிறவன் ஒரே தச்சன். வேகம் தெரியாதவன் தாமதிப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எட்டுத் தேர் கைவசம் உள்ளவன் ஒரு மாதத்தைச் செலவழிப்பதுதான் காரியம்.

ஆக, நண்பருக்கு என் பதில். வாட்ஸைப் பார்க்க வேண்டாம்; ஆயிரத்துக்கு மேலிருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். பிளேடுக்குப் பின்னால் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பதை வாங்குங்கள். கீழ் உறையைக் கையால் தள்ளிவிட்டுப் பாருங்கள். அது தயங்காமல் திரும்பி மூட வேண்டும். மாட்டிக்கொண்டால் அதற்கென்று உள்ள கைப்பிடியால் தூக்கிவிட்டு வெட்டத் தொடங்கலாம். கம்பியால் கட்டுகிற யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடித்தகடு நெளியாததாக இருக்கட்டும். மூலைமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். இரண்டு விரலால் இரண்டு காரியம் செய்தால்தான் ஓடத் தொடங்குகிற விசை நல்லது. தானாக ஓடிக்கொண்டேயிருக்கப் பூட்டு வைத்த விசை வேண்டாம். விசையை விட்டதும் பிளேடைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் இருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். இப்போது பாட்டரியில் ஓடுபவை நன்றாக வந்துவிட்டன; கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம், காலில் இடறும் வயரும் கிடையாது. வயர் வைத்ததை வாங்கினால் நீட்டிப்பு வயரைத் தடிமனாக வாங்குங்கள்.

பிளேடு யந்திரத்தைவிட முக்கியம். நீளவாக்கில் கிழிக்க இருபத்துநாலு பல். குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் நாற்பதும் அதற்கு மேலும். பலாவில் பிசின் ஒட்டும்; அவ்வப்போது கழற்றித் துடையுங்கள், கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பலகையின் கனத்துக்கு மேல் ஒரு பல் தெரிகிற அளவே ஆழம் வையுங்கள். பல் கீழிருந்து மேலே வருவதால் சிம்பு மேல்முகத்தில்தான் எழும். எனவே நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். பலகையின் இரண்டு முனையையும் தாங்க வைத்து நடுவில் வெட்டாதீர்கள். அது தொய்ந்து வாயை மூடும். வெட்டுப்படும் துண்டு தாராளமாக விழட்டும், அல்லது முழுப் பலகையும் அடியில் தாங்கலோடு கிடக்கட்டும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். காதுக்கும் கண்ணுக்கும் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காதை முழுக்க அடைத்துவிடாதீர்கள்: குரல் தடிக்கும்போது கேட்க வேண்டும். கேட்டதும் தள்ளக் கூடாது. விசையை விட்டுவிட்டு, பிளேடு நின்ற பிறகு எடுத்து, வாயில் ஆப்பைச் செருகிவிட்டுத் தொடருங்கள். தகடு இருந்தாலும் செருகுங்கள்.

இவற்றையெல்லாம் செய்து முடிக்கிறபோது பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வெட்டு அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். கை ரம்பத்தில் வெட்டும்போதே யோசிக்கலாம். கோடு விலகினால் ரெண்டு இழுப்பில் திருத்திக்கொள்ளலாம். இதில் திருத்தல் கிடையாது. யோசனை முழுவதும் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். நண்பர் ஐம்பது வரிக் கவிதையை ஐந்து வரியாகக் குறைப்பவர். அவருக்கு இது சரியாக வரும் என்றே நினைக்கிறேன்.

அலமாரியை அந்த வருஷம் சித்திரைக்குள் முடித்தோம். மற்றப் பலகைகளை ஆப்பு வைத்துத்தான் கிழித்தேன். ஆப்புகளை அப்பா செதுக்கிக் கொடுத்தார். ரம்பம் உழுத பலகையைத் தள்ளிவிடலாமென்றேன். அவர் சம்மதிக்கவில்லை. ‘இழைச்சாப் போயிரும்’ என்றார். இழைத்தும் முழுக்கப் போகவில்லை. அது கீழிருந்து இரண்டாவது தட்டாக இருக்கிறது. அப்பா 2017இல் காலமானார். பலகை இப்போது நன்றாகச் சிவந்துவிட்டது. என் பழைய கட்டுரை வந்த இதழ் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. பக்கங்களின் ஓரத்தைக் கறையான் தின்றது போக, கட்டுரை அப்படியே மிஞ்சியிருக்கிறது. சில சமயம் எடுத்துப் படிப்பதுண்டு. வாக்கியங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.